குற்றத்துக்கு முந்திய சான்று

ஐக்கிய அமெரிக்காவிலே புதிய கைத்துப்பாக்கி ஒன்றை விலைக்கு வாங்குபவன் அதன் பெட்டியைத் திறக்குமிடத்து, துப்பாக்கியோடும் விளக்கக் கைந்நூலோடும் கூடவே ஒட்டி மூடப்பட்ட சிறு கடிதவுறை ஒன்றையும் காண்பதுண்டு. உறையினுள்ளே வெடித்து முடிந்த தோட்டாவின் வெற்றுக் கோது ஒன்றோ இரண்டோ கிடக்கும். உறையின் மேலே துப்பாக்கியின் தொடரிலக்கமும், அது சுட்டுப் பார்க்கப்பட்ட நாளும், சுட்டவரின் பெயரோ பெயரின் முதலெழுத்துகளோ குறிக்கப்பட்டிருக்கும். இவ்வழக்கத்தை அறியாதவன் திகைக்கிறான். புதியது என விற்கப்பட்ட பொருள் பிறர் கைப்பட்டதோ என ஐயுறுகிறான். கடைக்காரரைக் கேட்டால், தொழிற்சாலையிலே சுட்டுச் சோதித்தமைக்கு அத்தாட்சி என்று கூறக்கூடும். அவ்விடை பொய்யன்று, ஆயின், அது பாதி விடையே. மற்றைப் பாதியை ஆராயப் புகும்போது, தொழில்நுட்பம் பற்றிய ஒரு சிறு கேள்வி அறவியல் பற்றிய ஒரு பெருங் கேள்வியாக மாறிவிடுவதைக் காணலாம்.

துப்பாக்கியைச் சுட்டுச் சோதித்தல் மிகப் பழைய வழக்கமாகும். 1637இல் அரச பட்டயம் பெற்ற இலண்டன் துப்பாக்கி வினைஞர் சங்கமும், 1813இல் பாராளுமன்றச் சட்டத்தின் வழி நிறுவப்பட்ட பர்மிங்ஹாம் சோதனைச் சாலையும் இதனையே தொழிலாகக் கொண்டவை. வழக்கமான அளவினும் மிகுந்த மருந்தை இட்டுச் சுட்டு, குழல் வெடியாது தாங்கி நின்றால் உலோகத்தின் மீது முத்திரை பொறிப்பர். இம்முத்திரையின் நோக்கம் வாங்குபவனைக் காத்தல்: அவன் கையிலே துப்பாக்கி வெடித்து விரல்கள் சிதறாதிருக்க வேண்டும் என்பதே. அங்கு விசாரிக்கப்படுவது பொருள்; அதனைச் செய்தவன் பொறுப்பாளி; வாங்குபவன் பயனாளி. சோதனையிலே எஞ்சிய கோதுகளை எவரும் பொருட்படுத்தியதில்லை. கூட்டி அள்ளிப் பழைய பித்தளையோடு சேர்த்து விற்றனர்.

இந்தக் கழிவுப் பொருளைக் கருவூலப் பொருளாக மாற்றியது சட்டம். மேரிலண்ட் மாநிலம் 2000ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின்படி, அவ்வாண்டு ஒக்ரோபர் மாதம் தொடக்கம், அம்மாநிலத்துக்கு அனுப்பப்படும் புதிய கைத்துப்பாக்கி ஒவ்வொன்றோடும் அதிலே சுடப்பட்ட கோதொன்றை உற்பத்தியாளர் அடைத்து அனுப்புதல் வேண்டும். விற்பனையானதும் கடைக்காரர் அதனை மாநிலப் பொலிஸாருக்குச் சேர்ப்பித்தல் வேண்டும். நியூயோர்க் மாநிலமும் ஏறத்தாழ அதே காலத்தில் இத்தகைய சட்டமொன்றைக் கொண்டுவந்தது. எந்தப் பெட்டி எந்த மாநிலத்துக்குப் போகும் என்று பிரித்துப் பார்ப்பது தொழிற்சாலைக்கு வீண் தொல்லை. ஆகவே உற்பத்தியாளர் பலர் எல்லாப் பெட்டிகளிலும் உறையை இட்டனர். இரு மாநிலங்களின் சட்டம் இவ்வாறு நாடெங்கும் உள்ளோரின் கைகளிலே புதிராக வந்து விழுந்தது.

பித்தளைக் கோதொன்று எவ்வாறு சான்றாகிறது என்பதையும் அறிதல் வேண்டும். விசை இழுக்கப்பட்டதும், ஊசி போன்ற எஃகு முனை தோட்டாவின் அடியிலுள்ள எரியூட்டியைக் குத்துகிறது. மருந்து எரிந்து எழும் வாயு குண்டை முன்னே தள்ளும் அதே வேளையில் கோதைப் பின்னே தள்ளி, அதன் பின்னாலுள்ள எஃகு முகத்தோடு பெருவிசையுடன் அழுத்துகிறது. அவ்வெஃகை அராவிய கருவி விட்ட நுண்ணிய கோடுகள் மென்மையான பித்தளையிலே பதிந்துவிடுகின்றன. கோதை இழுத்து வெளியே எறியும் கொக்கியும் தன் கீறலை விட்டுச் செல்கிறது. ஒரே பொறியில் அடுத்தடுத்துச் செய்யப்பட்ட இரு துப்பாக்கிகளாயினும் இக்கோடுகள் முற்றும் ஒத்திரா என்பது இத்துறையினரின் அடிப்படைக் கொள்கை. இதனாலேயே துப்பாக்கியின் விரலடையாளம் என்று இதனை அழைத்தனர். இந்த உவமையின் பொருத்தம் பற்றிப் பின்னர் நோக்கலாம்.

இத்தகைய சான்று நீதிமன்றத்துக்குப் புதியதன்று. 1927 செப்ரெம்பரில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலே கற்றரிட்ஜ் என்னும் பொலிஸ் கான்ஸ்டபிள் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைகாரர் திருடிச் சென்று இலண்டனில் கைவிட்ட காரிலே வெற்றுக் கோதொன்று கிடந்தது. சில மாதங்களின் பின் ஐயத்துக்குரியவன் ஒருவன் பிடிபட்டபோது அவனிடம் வெப்லி சுழல்துப்பாக்கி கைப்பற்றப்பட்டது. அதிலே சோதனைக்காகச் சுட்ட கோதையும் காரிலே கிடந்த கோதையும் நுண்காட்டியின் கீழ் வைத்து ஒப்பிட்டனர். துப்பாக்கியின் பின்முகத்திலிருந்த குறையொன்றின் பதிவு இரண்டிலும் காணப்பட்டது. 1928இல் இருவர் தூக்கிலிடப்பட்டனர். இவ்வழக்கிலே நிகழ்ச்சிகளின் வரிசை கவனித்தற்குரியது. முதலிற் குற்றம், பின்பு ஐயம், ஐயத்தின் வழியே ஆயுதம், இறுதியிலே ஒப்பீடு. ஐயத்துக்குக் காரணம் காட்டப்பட்ட பின்னரே ஒருவனுடைய பொருள் அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டது.

கடிதவுறை இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது. இங்கே சான்று முதலில் வருகிறது. குற்றம் நிகழவில்லை, நிகழாமலே போகலாம், பெரும்பாலும் நிகழாது. எனினும், நிகழுமாயின் ஒப்பிடுவதற்கென்று, எந்தத் தீங்கும் செய்யாத ஒருவனின் பொருளிலிருந்து சாட்சியம் முன்கூட்டியே பெறப்பட்டுவிடுகிறது. போதாக்குறைக்கு, அதற்கான செலவும் அவன் கொடுத்த விலையிலே அடங்கியிருக்கும். குற்றமற்றவனிடம் இவ்வாறு சான்று பெறுதல் நியாயமா என்பதே வினா.

நியாயமன்று என்போரின் வாதம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. ஒருவனை மதித்தல் என்பது, மாறான காரணம் தோன்றும்வரை அவனை நல்லவனாகக் கொள்ளுதல். ‘நீ கொலை செய்யின் பயன்படும்’ என்று கூறி ஒரு பொருளை அவனிடமிருந்து வாங்கிவைப்பது அம்மதிப்பைக் குறைக்கும். மோட்டார் வாகனத்தின் இலக்கத் தகட்டை இதற்கு மறுப்பாகக் காட்டுவோர் உளர். ஆயின், இலக்கத் தகடு வரி, காப்புறுதி, உரிமை மாற்றம் எனப் பல காரியங்களுக்கு உதவுவது. குற்றம் அவற்றுள் ஒன்று மாத்திரமே. கடிதவுறைக்கோ குற்றத்தைத் தவிர வேறு பயன் எதுவும் இல்லை. இன்னும், 2008 டிசெம்பரில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்படாதோரின் விரலடையாளங்களையும் மரபணுப் பதிவுகளையும் பிரித்தானியா வரையறையின்றி வைத்திருத்தல் அவர்தம் தனிவாழ்வுக்கான உரிமையை மீறுவதாகும் எனத் தீர்ப்பளித்தமையும் இவ்வாதத்துக்கு வலுவூட்டுவது போலத் தோன்றும்.

எனினும், அத்தீர்ப்புக்கும் இப்பொருளுக்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. விரல் ஒருவன் தெரிந்து வாங்கிய பொருளன்று. அவன் உடலினின்றும் அதனைப் பிரிக்க இயலாது. துப்பாக்கியோ அவன் தானாக விரும்பிக் கடைக்குச் சென்று தேர்ந்தெடுத்த பொருள். அதனோடு அவன் பெறுவது சாதாரண உடைமையன்று. தொலைவில் நிற்கும் இன்னொருவனின் உயிரை ஒரு விரலசைவால் முடித்துவிடும் வல்லமை. அத்தகைய வல்லமையை ஒருவனுக்கு விட்டுக்கொடுக்கும் சமுதாயம், அதற்கு ஈடாக ஒரு பிணையை அவனிடம் கேட்பது இழிவுபடுத்துவதாகாது.

ஐயம் வேறு, பொறுப்பு வேறு என்பதே இவ்விடத்து நோக்கத்தக்கது. ஐயம் என்பது காரணம் கொண்டு ஒரு குறிப்பிட்ட மனிதன்மீது செல்லும் தீர்மானம். பொறுப்போ எந்தத் தீர்மானத்தையும் முன்கொள்வதில்லை. ‘கேட்கப்படும்போது விடை சொல்லக் கடவேன்’ என்னும் ஒப்புதல் மாத்திரமே அது. கோயிற் பணத்தைக் கையாளும் தருமகர்த்தாவிடம் கணக்குக் கேட்பது அவரைக் கள்வர் என்று கருதியதால் அன்று. கணக்குக் கேட்கக்கூடாது என்று அவர் சினந்தெழுவாராயின் அப்போதுதான் ஐயம் பிறக்கும். (உண்மையில் அவ்வாறு சினந்தெழுவோரும் உளர் என்பது வேறு கதை.) கடிதவுறை எல்லா வாங்குநரிடமும் ஒரே விதமாகப் பெறப்படுகிறது, இனமோ நிறமோ வறுமையோ பார்த்துப் பெறப்படுவதில்லை. பொலிஸாரின் மனப்போக்குக்கு ஏற்ப ஒருவனைத் தெரிந்து நிறுத்திச் சோதனையிடும் வழக்கத்தோடு ஒப்பிடின், இது எத்துணையோ நேர்மையானது. ஆகவே, கொள்கையளவில் இச்சட்டத்தை அநீதி எனல் பொருந்தாது.

ஆனால், பிணை என்பது இருபக்கக் கடமை. கொடுப்பவன் கொடுத்தால் மட்டும் போதாது. வாங்கியவன் அதனைப் பேணவும், உரிய வேளையிலே அதனைக் கொண்டு உண்மையறியவும் வல்லவனாக இருத்தல் வேண்டும். இந்த இரண்டாம் பக்கத்திலேயே எல்லாம் பழுதுபட்டது.

கலிபோர்னியா மாநில நீதித் திணைக்களம் 2001இல் நிகழ்த்திய சோதனை இதனை முன்னரே உணர்த்தியது. ஒரே வகையைச் சேர்ந்த 792 பொலிஸ் கைத்துப்பாக்கிகளின் கோதுகளைக் கணினியில் ஏற்றி, அவற்றுட் சிலவற்றை மீண்டும் சுட்டுத் தேடிப் பார்த்தனர். கணினி முதற் பதினைந்து இடங்களுள் வைத்துக் காட்டும் கோதுகளுள்ளே சரியானது இருக்கிறதா என்பதே கேள்வி. ஒரே நிறுவனத்தின் தோட்டாவைப் பயன்படுத்தியபோது 100க்கு 38 தடவை அது தவறிப்போயிற்று. வேறு நிறுவனங்களின் தோட்டாவைப் பயன்படுத்தியபோது தவறு 100க்கு 62க்கு மேல் ஏறியது. எண்ணூறுக்கும் குறைந்த கோதுகளின் நடுவே நிலைமை இதுவாயின், பல்லாயிரங்களின் நடுவே எவ்வாறிருக்கும் என்பது ஊகித்தற்கு அரிதன்று. களஞ்சியம் பெருகப் பெருக, ஒன்றுபோலத் தோற்றும் பிறவும் பெருகும்.

விரலடையாளம் என்ற உவமை ஏமாற்றியதும் இங்கேதான். மனித விரலின் வரைகள் கருவிலே தோன்றி இறக்கும்வரை மாறா. எஃகோ தேயும், துரு ஏறும், ஆயிரம் முறை சுட்டபின் முதல் நாளிற்போல் இராது. குத்தும் முனையைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். அரத்தால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தாலும் போதும். இன்னும், சுழல்துப்பாக்கி தன் கோதைத் தானாக வெளியே எறிவதில்லை. ஆளே திறந்து கொட்ட வேண்டும். எசெக்ஸ் வழக்கிற் கோது கிடைத்தது குற்றவாளிகளின் கவனக்குறைவினால் அன்றி, துப்பாக்கியின் இயல்பினால் அன்று. அவ்வாறிருந்தும் சட்டம் அவ்வகைத் துப்பாக்கிகளுக்கும் கோது கேட்டது. 2008இல் அமெரிக்கத் தேசிய ஆய்வுச் சபை வெளியிட்ட அறிக்கை, புதிய துப்பாக்கிகள் அனைத்துக்குமான தேசியக் களஞ்சியம் ஒன்றை அமைத்தல் தகாது என்றதோடு அமையவில்லை. ஒவ்வொரு துப்பாக்கியும் தனித்தன்மையான அடையாளத்தை மாறாது விடுகிறது என்னும் அடிப்படைக் கொள்கையே இன்னும் முழுமையாக நிறுவப்படவில்லை என்றும் அது கூறிற்று.

இதற்கிடையே 2002 ஒக்ரோபரில், மேரிலண்டிலும் வொஷிங்டனைச் சூழ்ந்த பிற பகுதிகளிலும், மறைந்திருந்து சுட்டவர்களால் மூன்று வாரங்களில் 10 பேர் கொல்லப்பட்டனர். நாடு முழுவதற்கும் இத்தகைய களஞ்சியம் வேண்டும் என்ற குரல் அப்போது ஓங்கி ஒலித்தது. துயரம் மிகுந்த வேளையிலே எழும் குரல் பெரும்பாலும் விவரங்களைக் கேட்பதில்லை. அங்கே பயன்பட்டது நீள்குழல் துப்பாக்கி. மேரிலண்டின் சட்டமோ கைத்துப்பாக்கிக்கு மாத்திரம் உரியது. அத்துப்பாக்கி நாட்டின் மறுகோடியிலே, வொஷிங்டன் மாநிலத்துக் கடையொன்றிலிருந்து களவு போனது. அதன் கோது எங்கேனும் பதிவாகியிருந்தாலும், அது சென்று சுட்டும் இடம் அந்தக் கடையாகவே இருந்திருக்கும். கொலைகாரன் வீடாக அன்று. உண்மையிலே துப்புக் கொடுத்தது வேறொன்று. அலபாமாவில் முன்னர் நிகழ்ந்த கொலையொன்றின் களத்திலே கிடந்த சஞ்சிகையில் ஒரு விரற்பதிவு இருந்தது. குடிவரவு அதிகாரிகள் முந்திய ஆண்டில் ஓர் இளைஞனிடம் பெற்று வைத்திருந்த பதிவோடு அது பொருந்திற்று.

இந்நிகழ்ச்சியை ஊன்றி நோக்கின் ஒரு சங்கடமான உண்மை புலனாகும். குற்றத்துக்கு முன்னரே பெற்றுவைத்த சான்று பயன்படாது என்று கூறிவிட இயலாது. இங்கே பயன்பட்டதும் அத்தகைய சான்றே. ஆயின், அது மனித உடலின் பதிவு. அறத்தின் நோக்கிலே எதனை எடுப்பதற்கு மிகுந்த தயக்கம் வேண்டுமோ அது தெளிவாகப் பேசிற்று. எதனைத் தயக்கமின்றி எடுக்கலாமோ அது ஊமையாயிற்று.

களவு என்றது இன்னொரு வினாவையும் எழுப்புகிறது. குற்றங்களிற் பயன்படும் துப்பாக்கிகளிற் பல, முதலில் வாங்கியவனின் கையை விட்டு நெடுநாட் சென்றவை; களவு போனவை, கைமாறியவை, பெயரின்றி விற்கப்பட்டவை. நாடு தழுவிய துப்பாக்கிப் பதிவேட்டை 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் தடைசெய்துள்ளது. ஆகவே கோதிலிருந்து ஒரு பெயரை அடைந்தாலும், அப்பெயரிலிருந்து அடுத்த கைக்குச் செல்லும் பாதை பல இடங்களில் இல்லை. சட்டத்துக்கு அடங்கிக் கடையிலே பெயர் கொடுத்து வாங்கியவனே பதிவில் நிற்கிறான். அடங்காதவன் பதிவுக்கு வெளியே நிற்கிறான். நேர்மையானவன் விடை சொல்லக் கடமைப்படுவதிலே தவறில்லை, ஆனால், அவனிடம் மட்டுமே கேட்கத் தெரிந்த ஓர் ஏற்பாடு பொறுப்பை வளர்க்காது, சலிப்பையே வளர்க்கும்.

இவற்றை எல்லாம் தவறு என்று கூறலாமே ஒழிய, அநீதி என்று கூறல் கடினம். மனிதர் ஒன்றை முயன்று பார்த்துத் தோற்பது குற்றமன்று. 2004ஆம் ஆண்டிலேயே மேரிலண்ட் மாநிலப் பொலிஸார் இத்திட்டம் பயன் தரவில்லை, நிறுத்தலாம் என அறிக்கையிட்டமை அவர்தம் நேர்மையைக் காட்டுவது. அநீதி அதன் பின்னரே தொடங்குகிறது. பத்திரிகைச் செய்திகளின்படி, 2007இல் கோதுகளைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றும் வேலை கைவிடப்பட்டது. ஆயினும் சட்டம் இருந்தது. சட்டம் இருந்தமையால் கோதுகள் வந்துகொண்டிருந்தன. பைக்ஸ்வில் நகரிலுள்ள பொலிஸ் தலைமையகத்தின் கீழே, அணுகுண்டுக்கு அஞ்சிக் கட்டப்பட்ட பழைய நிலவறையிலே அவை உறையோடு அடுக்கப்பட்டன. எவரும் பார்க்கப் போவதில்லை என்பதை அறிந்தே எட்டு ஆண்டுகள் அடுக்கப்பட்டன. 2015இல் சட்டம் நீக்கப்பட்டபோது 3 இலட்சத்துக்கு மேற்பட்ட கோதுகள் அங்கிருந்தன. ஏறத்தாழ 50 இலட்சம் டொலர் செலவாகியிருந்தது. கிடைத்த ஒருசில பொருத்தங்களிலும், தேடப்பட்ட துப்பாக்கி எது என்பது புலனாய்வாளருக்கு முன்னரே தெரிந்திருந்தது. நியூயோர்க் 2012இலேயே தன் திட்டத்தைக் கைவிட்டிருந்தது.

பாண்டியன் அவையிலே சிலம்பு உடைக்கப்பட்டபோது மாணிக்கம் தெறித்தது. கோவலன் உயிரோடு நின்ற வேளையிலும் அச்சிலம்பினுள் அதே மாணிக்கமே இருந்தது. அங்கே நேர்ந்த அநீதி சான்று இல்லாமையால் வந்ததன்று. கையிலிருந்த சான்றை வினவாமையால் வந்தது. மேரிலண்டின் நிலவறைக்கும் இது ஓரளவு பொருந்தும். ஓரளவு என்றது, சிலம்பு வினவினால் விடை சொல்லும் பொருள். கோது வினவினாலும் பெரும்பாலும் குழறும் பொருள் என்பதனால். இரண்டிடத்தும் அரசு தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதைப் பார்க்கவில்லை. குடிமகனிடம் ‘உன் பங்கைக் கொடு’ என்று கேட்டுக்கொண்டே தன் பங்கை நிறுத்திக்கொண்ட அரசு, பிணையைக் காணிக்கையாக மாற்றிவிடுகிறது. இழிவு என்று சொல்லத்தக்கது ஏதேனும் இருப்பின் அது இதுவே. உறையைக் கேட்டமை அன்று.

ஓர் உயிரேனும் காப்பாற்றப்படுமாயின் இவ்வளவும் தகும் அன்றோ என வினவுவோர் உளர். இவ்வினா கேட்பதற்கு உருக்கமானது. ஆயின், எண்ணிப் பார்ப்பதைத் தடைசெய்வது. அதே பணத்தைக் கொண்டு, நிகழ்ந்துவிட்ட குற்றங்களின் களங்களிலே கிடைத்த கோதுகளை விரைந்து ஒப்பிட்டு, ஒரு துப்பாக்கி பல குற்றங்களிற் பயன்பட்டதா என அறிந்திருக்கலாம். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் வலையமைப்பு அவ்வாறே குற்றக்களத்துக் கோதுகளைச் சேர்த்து வருகிறது. தேசிய ஆய்வுச் சபையும் அவ்வழியை வளர்க்குமாறே ஆலோசனை கூறிற்று. அங்கே ஒவ்வொரு கோதின் பின்னும் ஒரு குற்றம் உண்டு. ஐயத்துக்குக் காரணமும் உண்டு. காப்பாற்றப்படக்கூடிய அந்த ஓர் உயிர் நிலவறையின் செலவினாலேயே இழக்கப்பட்டிருக்கவும் கூடும் என்பதை அவ்வினா கேட்பதில்லை.

மறுபுறத்தே, இத்தோல்வியைக் காட்டி, துப்பாக்கி வைத்திருப்போனிடம் சமுதாயம் எதையுமே கேட்கலாகாது என முழங்குவோரும் உளர். கோது பேசவில்லை என்பதனால், கேட்கும் உரிமை இல்லை என்று ஆகிவிடாது. ஒரு சாட்சி ஊமையாயின், நீதிமன்றத்தை இடித்துவிடுவது வழக்கமில்லை.

சட்டம் நீங்கிய பின்னர், நிலவறையிலிருந்த கோதுகளைப் பழைய பித்தளையாக விற்பது பற்றிப் பேசப்பட்டது. தொழிற்சாலையின் தரையிலே முன்னர் அவற்றுக்கு இருந்த மதிப்பும் அதுவே. ஆயினும் உறைகள் முற்றாக நின்றுவிடவில்லை. கேட்ட இரு மாநிலங்களும் கேட்பதை விட்ட பின்னரும், சில நிறுவனங்கள் பழக்கத்தினால் அவற்றைப் பெட்டியிலே இட்டு வருகின்றன. சோதனைக் கூடத்திலே ஒருவர் சுடுகிறார். கோதை எடுத்து உறையிலிட்டு நாளைக் குறித்துப் பெயரெழுத்தை இடுகிறார். வாங்கியவன் அதனைத் திறந்து பார்த்து, இது எதற்கு என்று அறியாமல், கைந்நூலோடு சேர்த்து மேசை இழுப்பறையிலே போட்டுவிடுகிறான்.